கணக்கில் வராத செலவு!



வியாபாரம் என்பது நம் சமுதாயத்தின் ரத்தத்தில் ஊறிய தொழில். லாரியிலிருந்து சரக்கு இறங்கும்போதே அடக்க விலை என்ன, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி என்ன, மூட்டைக்கு என்ன நிற்கும் என்பதை விரல் நுனியில் சொல்லக்கூடியவர்கள் நம் வியாபாரிகள். கரண்டு பில் நூறு ரூபாய் கூடிவிட்டால், 'ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஏன் ஓடுகிறது?' என்று கடைப்பையனைக் கேட்பார்கள். கொள்முதலில் கிலோவுக்கு ஐம்பது காசு குறைப்பதற்காக அரை மணி நேரம் பேசுவார்கள். அது கஞ்சத்தனம் அல்ல. காசின் அருமை தெரிந்தவர்களின் பழக்கம்.

இவ்வளவு கணக்குப் பார்க்கும் இவர்களில் பலர் ஒரேயொரு செலவை மட்டும் எந்த நோட்டிலும் எழுதுவதில்லை. கடைச் செலவிலும் அது வராது. வீட்டுச் செலவிலும் வராது. மனைவிக்குத் தெரியாது, பங்காளிக்குத் தெரியாது. சொல்லப்போனால் செலவு செய்கிறவருக்கே தெரியாது. அதுதான் சிகரெட்டுக்குப் போகும் காசு!

தெரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மாதத்துக்கு வேண்டிய அரிசியை மொத்தமாக வாங்குகிறோம், அதனால் விலை கண்ணில் படுகிறது. சிகரெட்டை அப்படி யாரும் வாங்குவதில்லை. காலையில் டீக்கடையில் ஒன்று, கடை திறந்ததும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று சில்லறையாகவே வாங்குகிறார்கள். சில்லறையாகப் போவது சில்லறைச் செலவாகவே தெரியும். ஆனால் ஆண்டுக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அது சில்லறை அல்ல, ஒரு முதல்!

புகைப்பது ஹராமா, மக்ரூஹா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் வீண் விரயத்தைத் திருமறை கண்டிக்கிறது என்பதிலோ, நாம் எரிப்பது காசுதான் என்பதிலோ யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆகவே இன்று ஒரு வியாபாரியாகவே உட்கார்ந்து, பேனாவும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்கைப் போடுவோம்

ஒரு சிகரெட் 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வாங்குவதன் விலை கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் அந்த விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 சிகரெட் என்றால் 200 ரூபாய்.

மாதத்துக்கு 6,000 ரூபாய்.

ஆண்டுக்கு 73,000 ரூபாய்.

ஐந்து ஆண்டுகளில் 3,65,000 ரூபாய். ஹஜ் பயணச் செலவின் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்!

பத்து ஆண்டுகளில் 7,30,000 ரூபாய்.

இருபது வயதில் பிடிக்கத் தொடங்கியவர் நாற்பது வயதில் திரும்பிப் பார்த்தால் 14,60,000 ரூபாய்!

இதில் வட்டி சேர்க்கப்படவில்லை. நாம் வட்டிக் கணக்குப் போடுகிறவர்கள் அல்லர். வெறும் அசல் மட்டுமே இவ்வளவு. பதினாலரை லட்சம் ரூபாயைக் கொண்டுவந்து நம் முன்னால் கட்டுக்கட்டாக அடுக்கி, 'தீ வையுங்கள்' என்று சொன்னால் நாம் வைப்போமா? பைத்தியக்காரன் என்றல்லவா சொன்னவனை விரட்டுவோம்! அதையே ஒவ்வொரு தாளாக இருபது ஆண்டுகள் செய்யும்போது அதற்குப் பெயர் பழக்கம்!

இந்தக் கணக்கிலும் ஒரு குறை இருக்கிறது. இருபது ஆண்டுகளும் ஒரே விலை என்று போட்டிருக்கிறோம். விலை அப்படி நிற்குமா? 2009-10இல் மத்திய அரசு நடத்திய புகையிலைக் கணக்கெடுப்பில், தினமும் சிகரெட் பிடிப்பவர் மாதம் சராசரியாக 399 ரூபாய் செலவழித்தார். 2016-17இல் நடந்த அடுத்த கணக்கெடுப்பில் அது 1,192 ரூபாய். ஏழே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மடங்கு! பீடிக்குச் செலவழித்தவரின் கணக்கும் 93 ரூபாயிலிருந்து 284 ரூபாயாக ஏறியது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு உச்சபட்சமான 28 சதவீத வரியும், அதற்கு மேல் செஸ்ஸும் போடப்பட்டன. 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், புகையிலைப் பொருட்கள் பலவற்றுக்கும் 40 சதவீதம் என்று முடிவு செய்தது. விலை ஏறிக்கொண்டேதான் போகும். ஏற வேண்டும் என்பதுதான் உலகம் முழுவதும் சுகாதாரத் துறையினர் கேட்பதும்.

'நான் பீடிதானே பிடிக்கிறேன்' என்று சமாதானம் சொல்பவரும் உண்டு. நாளொன்றுக்கு 30 ரூபாய் என்றே வைப்போம். ஆண்டுக்கு 10,950 ரூபாய். நாளொன்றுக்கு 600 ரூபாய் கூலி வாங்கும் ஒரு தொழிலாளிக்கு அது பதினெட்டு நாள் உழைப்பு. பதினெட்டு நாட்கள் வெயிலில் நின்று மூட்டை சுமந்ததும் பீடிக்காக என்று ஆகிறது. ஏழைக்குச் சிறிய தொகை என்று எதுவும் இல்லை!

முதல் நாலாயிரம் யாருக்கு?

வியாபாரிகள் செலவை இன்னொரு வகையிலும் பார்க்க வேண்டும். ஒரு செலவு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. அந்தச் செலவைச் சம்பாதிக்க எவ்வளவு விற்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

வாடகை, கூலி, கரண்டு, கழிவு எல்லாம் போக உங்கள் கடையில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் நிகர லாபம் நிற்கிறது என்று கொள்வோம். 200 ரூபாய் லாபம் வர வேண்டுமானால் 4,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதாவது காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து முதல் 4,000 ரூபாய் வியாபாரம் உங்களுக்கும் இல்லை, உங்கள் பிள்ளைகளுக்கும் இல்லை. அது சிகரெட் கம்பெனிக்கு! அதற்குப் பிறகு வருவதுதான் குடும்பத்துக்கு.

மாதத்துக்கு 1,20,000 ரூபாய் விற்பனை. ஆண்டுக்கு 14,60,000 ரூபாய் விற்பனை. கால் கடுக்க நின்று, வாடிக்கையாளரின் பேச்சையெல்லாம் பொறுத்து, கடன் வசூலுக்கு அலைந்து செய்த வியாபாரத்தில் பதினாலரை லட்சம் ரூபாய்ப் பகுதியின் லாபம் முழுவதும் சாம்பலாகிவிட்டது. 'வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது, கையில்தான் ஒன்றும் நிற்கவில்லை' என்று புலம்பும் சகோதரர்கள் இந்த ஓட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

தண்டலுக்கு ஓட வேண்டிய அவசியம் என்ன?

தள்ளுவண்டியில் பழம் விற்பவர், நடைபாதையில் துணி விற்பவர், பெட்டிக்கடை வைத்திருப்பவர், இவர்களில் எத்தனையோ பேர் தண்டல்காரரிடம் சிக்கிக்கிடக்கிறார்கள். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாட்கள் வசூலிக்கும் வழக்கம் நாம் அறிந்ததுதான். வட்டி ஹராம் என்று தெரிந்தும், 'வேறு வழியில்லை' என்று சொல்லி வாங்குகிறார்கள்.

வேறு வழி இல்லையா? நாளொன்றுக்கு 200 ரூபாய் புகைக்கும் ஒருவர் ஐம்பது நாட்கள் அதை நிறுத்திவைத்தால் பத்தாயிரம் ரூபாய் அவர் கையிலேயே இருக்கும். எவரிடமும் கை நீட்ட வேண்டாம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வட்டி கட்ட வேண்டாம். தண்டல்காரர் வரும் நேரத்தில் வண்டியைச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டாம்! தன் சட்டைப்பையில் இருந்த முதலை எரித்துவிட்டு, அதே தொகையை வட்டிக்கு வாங்கும் பரிதாபத்தை என்னவென்று சொல்வது?

ஒரு கை ஜகாத், மறு கை சிகரெட்

ரமலான் வந்தால் ஜகாத் கணக்குப் போடுகிறோம். நூற்றுக்கு இரண்டரை. சிலர் அதைக் கொடுக்கும்போது கை நடுங்குகிறது. 'இந்த ஆண்டு வியாபாரம் சரியில்லை, சரக்கு தேங்கிவிட்டது' என்றெல்லாம் மனம் கணக்குச் சொல்கிறது.

சிகரெட்டுக்குக் கொடுக்கும் 73,000 ரூபாயை அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 29,20,000 ரூபாய் சொத்துக்கு ஓராண்டில் கடமையாகும் ஜகாத் தொகை அது! இருபத்தொன்பது லட்சம் உள்ள ஒருவர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டியதை, அதில் கால்பங்குகூட இல்லாத ஒருவர் கேள்வி முறையின்றிப் புகைக்குக் கொடுத்துவிடுகிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கை நடுங்கவும் இல்லை!

பொருளைச் சம்பாதித்த வழியை மட்டுமல்ல, செலவழித்த வழியையும் பற்றி மறுமையில் கேட்கப்படுவோம் என்று நம்புகிறவர்கள் நாம். பதினாலரை லட்சத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்?

ஒரு மஹல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இப்படி நூறு பேர் இருந்தால் ஆண்டுக்கு 73 லட்சம் ரூபாய் புகையாகிறது. அந்த நூறில் பத்தே பேர் நிறுத்தி, மிச்சமானதில் பாதியைப் பைத்துல்மாலில் போட்டால் ஆண்டுக்கு 3,65,000 ரூபாய் சேரும். பத்தாயிரம் வீதம் முப்பத்தாறு சிறு வியாபாரிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கலாம். அவர்கள் திருப்பிக் கட்டக் கட்ட அடுத்த முப்பத்தாறு பேர். 'சமுதாயத்தில் நிதி இல்லை' என்று மேடைதோறும் பேசுகிறோம். நிதி இருக்கிறது சகோதரர்களே! டீக்கடை வாசலில் எரிந்துகொண்டிருக்கிறது!

இளைஞர்களே, உங்களுக்கு!

கல்லூரி வாசலிலும் வேலை தேடும் நாட்களிலும்தான் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. 'ஒரு நாளைக்கு மூன்றுதானே' என்று தொடங்குகிறது. மூன்று என்றால் 60 ரூபாய். மாதம் 1,800. ஆண்டுக்கு 21,900. யாருடைய காசு அது? வாப்பா கடையில் நின்றதும், உம்மா சிறுவாட்டில் மிச்சம் பிடித்ததும்தானே? உங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் படிப்புக்கோ, ஓட்டுநர் உரிமத்துக்கோ, தேர்வுப் பயிற்சிக்கோ ஆகியிருக்க வேண்டிய காசு அது. மூன்று மூன்றாகவே நிற்பதும் இல்லை. நிகோடின் மூளையைச் சென்றடைய சில விநாடிகள் போதும். பழகிய மூளை மேலும் மேலும் கேட்கும். மூன்று ஐந்தாகும், ஐந்து பத்தாகும்.

வளைகுடா நாடுகளில் உழைக்கும் சகோதரர்களுக்கும் இதைச் சொல்கிறோம். 2017 ஜூனில் சவூதி அரேபியாவும், அதே ஆண்டு அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகமும் புகையிலைக்கு நூறு சதவீதச் சிறப்பு வரி விதித்தன. தங்கச்சி கல்யாணத்துக்கும் வாப்பா வாங்கிய கடனுக்கும் என்று குடும்பத்தைப் பிரிந்து போனோம். பொரித்த கோழி வாங்கினால் செலவாகிவிடும் என்று குப்பூஸும் பருப்பும் சாப்பிட்டுக் காசு சேர்க்கிறோம். அந்தக் காசை அறை வாசலில் நின்று ஊதிவிடுவது எந்த வகையில் நியாயம்?

இப்போது 'வேப்' என்று ஒரு புதிய மின் சிகரெட்டைக் காட்டி இளைஞர்களை இழுக்கிறார்கள். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்துக்கும் தடை. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'லாபம் நல்லா நிற்கும்' என்று யாராவது சரக்கை நீட்டினால், செல்போன் கடை வைத்திருக்கும் நம் இளைஞர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது!

பெரிய பில் பின்னால் வருகிறது

இதுவரை சொன்னது வாங்கும் விலை மட்டுமே. சிகரெட்டுக்கு இரண்டு பில் உண்டு. முதல் பில் கடையில். இரண்டாவது பில் மருத்துவமனையில்.

இந்தியாவில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளையும், பீடி பிடிக்கும் ஆண்கள் ஆறு ஆண்டுகளையும் ஆயுளில் இழக்கிறார்கள் என்று 2008இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. நம் தமிழகத்தில் சென்னையிலும் கிராமப்புறத்திலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. புகைக்காதவரைவிடப் புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், மூச்சிரைப்பு இவையெல்லாம் தனி.

இதை வியாபாரியின் கண்ணால் பாருங்கள். ஐம்பது வயது என்பது என்ன வயது? கடனெல்லாம் அடைந்து, பெயர் நிலைத்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும் வயது. அந்த வயதில் குடும்பத் தலைவர் படுக்கையில் விழுந்தால் கடைச் சாவி யார் கையில் போகும்? எந்தச் சரக்குக்கு யாரிடம் எவ்வளவு பாக்கி என்பது யாருக்குத் தெரியும்? இருபது ஆண்டுகளில் சேர்த்த நகையும் மனையும் ஆறே மாதத்தில் விற்பனைக்கு வந்துவிடும். படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதியில் நிறுத்திக் கல்லாவில் உட்காருவான். இந்தச் செலவை எந்த நோட்டில் எழுதுவது?

'நாங்கள் கட்டும் வரியால் அரசாங்கத்துக்கு வருமானம்தானே' என்று சிலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் செய்யப்பட்ட கணக்கின்படி, 2017-18இல் புகையிலையால் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு வந்த நோய்களாலும் மரணங்களாலும் இந்தியாவுக்கு ஏற்பட்ட பொருளாதார இழப்பு 1,77,341 கோடி ரூபாய். புகையிலையின் கலால் வரியாக 100 ரூபாய் வந்தால், சமுதாயத்தின் தலையில் 816 ரூபாய்ச் செலவு விழுகிறது! நூறு வாங்கி எண்ணூற்றுப் பதினாறு கொடுக்கும் வியாபாரத்தை எந்த வியாபாரியாவது செய்வாரா?

சாக்குப்போக்குகள்

'வியாபாரத்தில் ஆயிரம் டென்ஷன், இதை ஒன்று இழுத்தால்தான் நிம்மதி' என்பார்கள். அந்த டென்ஷனில் பாதி சிகரெட் கொடுத்தது! ரத்தத்தில் நிகோடின் குறையும்போது மனம் பரபரக்கிறது. இன்னொன்றைப் பற்ற வைத்ததும் அடங்குகிறது. தானே தீ வைத்துத் தானே தண்ணீர் ஊற்றும் கதைதான். பாக்கி வசூலாகாத கவலை சிகரெட்டால் எப்போதாவது தீர்ந்திருக்கிறதா?

'ஏஜெண்டு வந்தால், புரோக்கர் வந்தால் நீட்ட வேண்டியிருக்கிறதே' என்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். நல்ல வியாபாரம் நல்ல சரக்கிலும் நாணயத்திலும்தான் நடக்கிறது. மேலும், 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களிலும் பணியிடங்களிலும் புகைக்கத் தடை இருக்கிறது. துணிக்கடையிலும் குடோனிலும் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவே வேண்டாம். புகை நாற்றம் அடிக்கும் கடைக்குக் குழந்தையோடு வரும் பெண்கள் அடுத்த முறை எதிர்க் கடைக்குத்தான் போவார்கள்.

'பீடி சுற்றிப் பிழைக்கும் நம் பெண்களின் கதி என்ன?' என்பது நியாயமான கேள்வி. நெல்லை மாவட்டத்திலும் வேலூர்ப் பக்கத்திலும் பல குடும்பங்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. ஆனால் நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து, புகையிலைத் தூளைச் சுவாசித்து, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியை நாம் வாழ்வு என்று சொல்லலாமா? அந்தப் பெண்களுக்குத் தையலும் வேறு கைத்தொழிலும் கற்றுக்கொடுக்க ஒரு முதல் வேண்டும். அந்த முதல் எங்கே எரிகிறது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

சிகரெட் விற்கும் கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பதும், பள்ளி, கல்லூரிகளிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அது சட்டம். அதற்கு மேலே மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் முதல் சிகரெட்டை வாங்குவது உங்கள் கையிலிருந்தா?

ஒரு தேசமே நிறுத்தியது!

'விட முடியாது' என்று சொல்பவர்களுக்கு ஈரான் நாட்டு வரலாற்றை நினைவூட்டுகிறோம். 1890இல் நாஸிருத்தீன் ஷா, தன் நாட்டுப் புகையிலையை விளைவிப்பது, விற்பது, ஏற்றுமதி செய்வது அனைத்தின் ஏகபோகத்தையும் டால்போட் என்ற ஆங்கிலேய மேஜருக்கு ஐம்பது ஆண்டுகளுக்குக் கொடுத்துவிட்டார். பஜார் வியாபாரிகள் கொதித்து எழுந்தார்கள். 1891 டிசம்பரில் மிர்ஸா ஹசன் ஷீராஸி என்ற மார்க்க அறிஞரின் பெயரால் ஒரு ஃபத்வா வந்தது. ஒப்பந்தம் நீங்கும் வரை புகையிலையைத் தொடக்கூடாது! ஹுக்காக்கள் மூலையில் வைக்கப்பட்டன, கடைகள் அடைக்கப்பட்டன. 1892 ஜனவரியில் ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்தார்.

அந்தப் போராட்டம் உடல் நலத்துக்காக நடந்தது அல்ல. அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து நடந்தது. ஒப்பந்தம் போனதும் தடையும் நீங்கியது. ஆனாலும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் புகைத்த மக்கள், ஒரு காரணம் மனதில் பட்டதும் நிறுத்திக் காட்டினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள்.

ஈரான் வரைக்கும் போவானேன்? ரமலானில் ஸஹர் முதல் இஃப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீங்களே நிறுத்திக் காட்டுகிறீர்களே! முப்பது நாட்கள் பகலில் விட முடிந்தவருக்கு இரவிலும் விட முடியும். முடியாது என்பது உண்மை அல்ல. மஃரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக நெருப்புப் பெட்டியைத் தேடும் கையை நிறுத்துவதுதான் வேலை.

எப்படி நிறுத்துவது?

ஒரு தேதி குறியுங்கள். வீட்டாரிடமும் கடையில் உள்ளவர்களிடமும் சொல்லிவிடுங்கள். முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும், எரிச்சல் வரும், தூக்கம் கெடும். சில வாரங்களில் அது தணிந்துவிடும். புகைக்கத் தோன்றும் அந்த வேகம் சில நிமிடங்கள்தான் நிற்கும். தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள், வேறு வேலையில் கை வையுங்கள், அது கடந்துவிடும். தவறி ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். மறுபடியும் தொடங்குங்கள். 1800-11-2356 என்பது புகையிலையை விட விரும்புவோருக்கு மத்திய அரசு நடத்தும் கட்டணமில்லாத் தொலைபேசி எண். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நிகோடின் சூயிங்கம் போன்ற உதவிகள் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது முக்கியமானது. மிச்சமான காசைச் சட்டைப்பையில் விட்டுவைக்காதீர்கள்! விட்டுவைத்தால் அது வேறு வழியில் கரைந்துவிடும். தினமும் கடை அடைக்கும்போது அன்றைய 200 ரூபாயை ஒரு தனி டப்பாவில் போடுங்கள். நோட்டில் எழுதுங்கள். இத்தனை நாள் கணக்கில் வராத செலவு, இப்போது கணக்கில் வரும் வரவாக மாறட்டும்! மாதக் கடைசியில் அந்த ஆறாயிரத்தை எடுத்துச் சரக்காக்குங்கள், அல்லது கடனை அடையுங்கள், அல்லது பிள்ளையின் படிப்புக் கட்டணத்தைக் கட்டுங்கள். கண்ணால் பார்க்கும் லாபம்தான் மனதை உறுதியாக வைத்திருக்கும்.

உடம்பும் தன் கணக்கைத் திருப்பித் தரும். பன்னிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு குறைந்துவிடுகிறது. ஓராண்டில் இதயநோய் ஆபத்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிறது. பத்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறக்குறைய பாதியாகிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுபது வயதில் நிறுத்தியவருக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்தன. ஐம்பதில் நிறுத்தியவருக்கு ஆறு. நாற்பதில் நிறுத்தியவருக்கு ஒன்பது. முப்பதில் நிறுத்தியவர் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ முழுவதையும் மீட்டுக்கொண்டார். 'இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?' என்று கேட்கும் பெரியவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

சகோதரர்களே! 2016-17 கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், விட்டுவிட எண்ணுவதாகவே சொன்னார்கள். ஆக, எண்ணம் இருக்கிறது. குறைவது முடிவு மட்டும்தான்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரேயொரு காரியம் செய்யுங்கள். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள், ஒன்று என்ன விலை, எத்தனை ஆண்டுகளாகப் பிடிக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெருக்குங்கள். வரும் தொகையைக் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வையுங்கள். கல்லாவைத் திறக்கும்போதெல்லாம் அது உங்களைக் கேட்கட்டும். வாப்பாவோ அண்ணனோ புகைக்கிறார் என்றால், பிள்ளைகளே, நீங்கள் அந்தத் தாளை மரியாதையோடு அவர் முன்னால் வையுங்கள். வாதம் வேண்டாம். கணக்கே பேசும்.

உழைத்த காசு குடும்பத்துக்கும் சமுதாயத்துக்கும் சேரட்டும். நம் கடைகளில் முதல் பெருகட்டும். வல்ல இறைவன் அந்த உறுதியை நம் அனைவருக்கும் தருவானாக!